தள்ளுபடி எந்த விலையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. கம்பெனிகளை வாங்கி விற்கும் தனியார் பங்கு முதலீட்டு நிதியங்களில் மற்றவர்கள் போட்டுவைத்திருக்கும் பங்கை, நிதியம் முடிவதற்குள் இடையில் விலை பேசி வாங்குவதையே தொழிலாகக் கொண்ட வெளிநாட்டு நிறுவனங்களைப் பற்றியது. 'செகண்டரீஸ்' என்பது தொழில் பெயர். கட்டுரையாளர் 'இரண்டாம் கைச் சந்தை' என்று எழுதியிருந்தார், நல்ல சொல்தான். கட்டுரையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதன் நடுவே மஞ்சள் கட்டம் கட்டி, '100 ரூபாய்ச் சொத்து 80 ரூபாய்க்கு!' என்று ஆச்சரியக்குறியோடு அச்சிட்டிருந்தீர்களே, என் குறை அதைப் பற்றியது.

அந்தக் கட்டம் திங்கட்கிழமை காலையே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கத்தரித்த செய்தித்தாளையும் வழவழப்பான ஒரு விளம்பரத் தாளையும் சேர்த்து குண்டூசி குத்தி, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். கிருஷ்ணகிரியில் ஒரு திருமண மண்டபத்தில் கூட்டம் நடந்ததாம். வந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள்: ஆசிரியர்கள், போக்குவரத்துக் கழகத்துக்காரர்கள், மாங்காய் மண்டிக்காரர்கள் சிலர். வடை பாயசத்தோடு சாப்பாடு. கோட்டு போட்ட ஓர் இளைஞர் திரையில் படம் காட்டிப் பேசியிருக்கிறார். ஆளுக்கு 10 லட்சம், பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கோடி. அந்த ஒரு கோடியை ஒருவர் பெயரில் 'செகண்டரி' நிதியத்தில் போடுவார்களாம். மற்ற ஒன்பது பேருக்கும் முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம். வருடத்துக்கு 20 சதவீதத்துக்குக் குறையாது என்று வாயால் சொன்னார்களாம். விளம்பரத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அந்த உறுதி எழுத்தில் எங்கேயும் இல்லை.

"பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே!" என்பதுதான் தலைமையாசிரியரின் வாதம். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வு பெற்றவன். உலக நிதிச் சந்தை எனக்குப் பாடமில்லை. ஆனால் பேரேடு தெரியும். எங்கள் மாப்பிள்ளை பெங்களூரில், அமெரிக்க நிதியங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது இரண்டு மூன்று இரவுகள் உட்காரவைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது பாதி. என் சொந்த அனுபவத்திலிருந்து புரிந்துகொண்டது பாதி.

இந்தத் தொழில் நம்மூருக்குப் புதிதே இல்லை. 1996இல் நானே செய்திருக்கிறேன். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு; 25 பேர், 25 மாதம், மாதம் 4,000. பஸ் டிரைவர் ஒருவர் 14 தவணை கட்டியிருந்தார், சீட்டை எடுக்கவில்லை. ஏலக் கழிவு போக அவர் கையிலிருந்து போனது 44,000. மகளுக்குத் திடீரென்று ஆபரேஷன். அந்த மாதம் ஏலத்தில் தள்ளி எடுக்கலாம் என்றால் போட்டி அதிகம். வேறு இருவர் அவரைவிட நெருக்கடியில் இருந்தார்கள். சீட்டை அப்படியே எனக்குத் தருகிறேன் என்றார். 36,000க்குப் பேசி முடித்தோம். 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டம் சொல்கிறபடி எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, சீட்டு நடத்துபவரிடம் ஒப்படைத்தோம்.

வாங்குவதற்கு முன் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. சீட்டு நடத்துபவர் வீட்டில் மூன்று மாலை உட்கார்ந்து அவருடைய நோட்டைப் பார்த்தேன். ஊதா அட்டை போட்ட நீள நோட்டு. சீட்டு எடுத்த பதினான்கு பேர் பெயருக்கு எதிரே கட்டிய தேதிகள் இருந்தன. மூன்று பேருக்கு இரண்டு மாதம் பாக்கி. அவர்களில் ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார் என்பது நோட்டில் இல்லை. நோட்டைப் பிடித்திருந்த அவருடைய மனைவி சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் 40,000 என்று சொல்ல இருந்தவன் 36,000 என்றேன். கடைசிச் சீட்டு வரை இருந்து, மீதிப் பதினொரு தவணைக்கு 40,700 கட்டி, கமிஷன் போக 95,000 வாங்கினேன். லாபம் 18,300. ஆனால் பணம் வந்தது நான்கு மாதம் தாமதமாக. அந்த நான்கு மாதமும் நடந்த நடைக்குக் கணக்கு வைக்கவில்லை.

செகண்டரி நிறுவனங்கள் செய்வதும் எலும்புக்கூடு அளவில் இதுதான். தனியார் பங்கு நிதியம் என்பது வழக்கமாகப் பத்து ஆண்டு; மேலும் ஓரிரு ஆண்டு நீட்டிக்கொள்வார்கள். ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழகங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் இவ்வளவு தருகிறோம் என்று ஒப்புக்கொள்ளும். நிதிய மேலாளர் கேட்கிறபோதெல்லாம் தவணையாகக் கொடுக்கும். மேலாளர் அந்தப் பணத்தில் கம்பெனிகளை வாங்கி, சில ஆண்டுகள் வைத்திருந்து விற்றுப் பிரித்துக் கொடுப்பார். நடுவில் பணம் வேண்டும் என்று யாராவது நினைத்தால் பங்குச் சந்தைபோல விற்றுவிட்டு வர முடியாது. அப்போது வருபவர்தான் இந்த இரண்டாம் கைக்காரர். அமெரிக்காவில் டேட்டன் கார் என்பவர் 1982இல் இதற்கென்றே தொடங்கிய நிறுவனத்தைத்தான் முன்னோடி என்கிறார்கள். லண்டனில் ஜெரமி காலர் 1990இல் தொடங்கினார். இன்று லெக்சிங்டன், ஆர்டியன், பிளாக்ஸ்டோனின் ஒரு பிரிவு என்று பெரிய கைகள் இதில் இருக்கின்றன. 2024இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 16,000 கோடி டாலர் அளவுக்கு இப்படிக் கைமாறியிருக்கிறது.

விற்பவர்கள் எல்லாம் ஏமாளிகளும் அல்லர், ஏமாற்றுக்காரர்களும் அல்லர். கலிஃபோர்னியா மாநில அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியம் 2022இல் சுமார் 600 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைப் பத்து சதவீத அளவுத் தள்ளுபடியில் விற்றது. 2025இல் யேல் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்தவற்றில் பெரிய பகுதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் டிரைவருக்கு ஆபரேஷன் வந்ததுபோல அவர்களுக்கும் ஏதோ ஒரு செலவு, ஏதோ ஒரு கணக்கு. வாங்குகிறவருக்கும் நியாயமான வசதி ஒன்று இருக்கிறது. புதிய நிதியத்தில் பணம் போடுபவர் மேலாளர் எந்தக் கம்பெனியை வாங்கப் போகிறார் என்று தெரியாமல் போடுகிறார். இவரோ ஆறேழு ஆண்டு ஓடிய நிதியத்தில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குகிறார். பூவை நம்பிக் குத்தகை எடுப்பதற்கும், காய் பிடித்த பிறகு தோப்புக்குள் நடந்து பார்த்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இவ்வளவும் சரி. இப்போது தங்கள் மஞ்சள் கட்டத்துக்கு வருகிறேன்.

அந்த 100 ரூபாய் யார் போட்ட விலை? எங்கள் சீட்டில் 44,000 என்பது டிரைவர் கட்டிய பணம். பதினான்கு ரசீதுகள் இருந்தன. நிதியத்தில் 100 என்பது ரசீது இல்லை. பங்குச் சந்தையில் விற்காத கம்பெனிகளுக்கு நிதிய மேலாளர் தாமே போட்டுக்கொண்ட மதிப்பு. தணிக்கை உண்டு, விதிமுறை உண்டு. இருந்தாலும் மதிப்பு மதிப்புதான். அதுவும் பழைய மதிப்பு. செப்டம்பர் 30 கணக்கை அடிப்படையாக வைத்து விலை பேசி, கைமாற்றி முடிக்கும்போது பிப்ரவரியோ மார்ச்சோ ஆகிவிடும் என்றார் மாப்பிள்ளை.

என் மைத்துனருக்குப் போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது, எல்லாம் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகம். 2025ஆம் ஆண்டு சித்திரையில் வந்து பார்த்தவர்கள் முந்தைய ஆண்டுக் கூழ் ஆலை விலையை வைத்து மதிப்புப் போட்டார்கள். காய் நன்றாகவே இருந்தது, எண்ணிக்கையில் குறையே இல்லை. ஆனி பிறந்தபோது கிலோ விலை ஒற்றை இலக்கத்துக்கு விழுந்துவிட்டது. சித்திரை மதிப்பில் 20 சதவீதம் தள்ளுபடி என்று ஒருவர் அந்தத் தோப்பை வாங்கியிருந்தால், பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கையிலிருந்துதான் போட்டிருப்பார். தள்ளுபடி உண்மைதான். எந்த விலையில் தள்ளுபடி என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. சந்தைக்கு நல்ல பசு ஓட்டி வருகிறவர் யாரும் ஐந்தில் ஒரு பங்கு விலையைச் சும்மா விட்டுவிட்டுப் போவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கம்பெனிகளை வைத்திருக்கும் நிதியங்கள் அண்மை ஆண்டுகளில் 100க்கு 90க்கு மேலேயே விலைபோயிருக்கின்றன. 70, 80 என்று இறங்குவது பெரும்பாலும் தொடக்க நிலைத் தொழில்களில் பணம் போட்டவை, அல்லது வயதாகிப்போய் உள்ளே நாலைந்து கம்பெனிகள் மட்டும் விற்காமல் தங்கிவிட்டவை. மண்டபத்தில் படம் காட்டியவர் 80 என்ற எண்ணையும் உலகப் பெரிய கம்பெனிகளின் சின்னங்களையும் ஒரே பக்கத்தில் போட்டிருக்கிறார்.

மாப்பிள்ளை சொன்னவற்றில் என்னைத் தூங்கவிடாதது வேறு. 80 கொடுத்து வாங்கிய பங்கை, வாங்கிய நிறுவனம் அடுத்த கணக்கிலேயே மேலாளர் போட்ட 100 என்ற மதிப்புக்கே எழுதிக்கொள்ளலாமாம். அமெரிக்கக் கணக்கியல் விதி அனுமதிக்கிறது. ஒரு காயும் பறிக்கவில்லை, ஒரு கம்பெனியும் விற்கவில்லை. 20 ரூபாய் லாபம் பேரேட்டில் ஏறிவிடும். நான்கில் ஒரு பங்கு ஆதாயம், ஓர் இரவில்! தனிநபர்களுக்கென்று அங்கே தொடங்கியிருக்கும், முடிவுத் தேதி இல்லாத நிதியங்கள் சிலவற்றின் தொடக்ககால ஆதாயத்தில் இந்த எழுத்து லாபத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்ற குறை அந்த ஊரிலேயே பேசப்படுகிறது. விதிப்படி தப்பில்லை. ஆனால் அந்த ஆதாய எண்ணைத்தான் விளம்பரத் தாளில் கட்டம் கட்டிப் போடுகிறார்கள், நம்மூர்த் தலைமையாசிரியர் அதைத்தான் வட்டி விகிதம் என்று படிக்கிறார்.

இந்த வித்தையை நான் கேலி செய்ய முடியாது. நானும் செய்திருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மார்ச் 31 எப்படிப்பட்ட நாள் என்று தெரியும். பயிர்க்கடன் வாங்கியவர் தவணைக்குள் கட்டினால்தான் வட்டிச் சலுகை, எங்களுக்கும் வசூல் சதவீதம். அவரிடம் பணம் இருக்காது. சங்கத்துக்கு எதிரே புளியமரத்தடியில் ஒருவர் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பார். காலையில் விவசாயி அந்தப் பைக்காரரிடம் 40,000 கைமாற்று வாங்கிச் சங்கத்தில் கட்டுவார்; பழைய கடன் தீர்ந்தது என்று ரசீது. பிற்பகலில் புதுக் கடனாக அதே 40,000 பட்டுவாடா. அது நேராகப் புளியமரத்தடிக்கே போகும், மேலே 400 ரூபாயோடு. இதற்குக்கூட நேரமில்லாவிட்டால் ரொக்கமே வராமல் 'புக் அட்ஜஸ்ட்மென்ட்'. வரவு வவுச்சரும் பற்று வவுச்சரும் ஒரே நாள், ஒரே பேனா. கீழே என் கையெழுத்து. அந்த ஆண்டு அறிக்கையில் எங்கள் சங்கம் நூற்றுக்கு நூறு வசூல். அந்த எண் பொய்யில்லை. ஆனால் நிலத்தில் என்ன விளைந்தது என்று அந்த எண்ணைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

தங்கள் கட்டுரையில் இரண்டே வரியில் கடந்துபோன 'தொடர் நிதியம்' என்ற ஏற்பாட்டைப் படித்தபோது எனக்குப் புளியமரத்தடி நினைவுக்கு வந்தது. பத்தாண்டு முடிந்துவிட்டது, கம்பெனியை வெளியே விற்க முடியவில்லை, அல்லது விற்க மனமில்லை. அதே மேலாளர் புதிய நிதியம் ஒன்றை ஏற்படுத்தி, பழைய நிதியத்திலிருந்து அந்தக் கம்பெனியை வாங்குகிறார். விற்பவரும் அவரே, வாங்குபவரும் அவரே. பணம் கொண்டுவருபவர் செகண்டரி நிறுவனத்தார். இன்று இந்தச் சந்தையில் ஏறத்தாழப் பாதி இப்படிப்பட்டதுதான். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், புளியமரத்தடிக்காரர் அன்று மாலையே போய்விடுவார்; இவர்கள் பணத்தைப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரம் பேசித்தான் விலை வைக்கிறார்கள். பழைய முதலீட்டாளர் பணமாக வாங்கிக்கொண்டு போகலாம், வேண்டுமென்றால் புதிய நிதியத்திலும் தொடரலாம். இருந்தாலும் அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில், இரண்டு பக்கமும் ஒரே பேனா இருக்கிற இடத்தில் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் படிப்பேன்.

சரி, மண்டபத்து விஷயத்துக்கு வருகிறேன். அதில் விவாதிக்க அதிகம் இல்லை. இந்தியாவில் இத்தகைய நிதியங்கள் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2012ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதிய விதிமுறைகளின் கீழ் வருகின்றன. பொதுவாக ஒருவர் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாமல் போட வேண்டும். கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை என்று இருவர் கூட்டாகச் சேரலாம். பத்துப் பேர் சேர்ந்து ஒருவர் பெயரில் போட விதியில் இடமில்லை. ஒரு திட்டத்தில் ஆயிரம் முதலீட்டாளர்களுக்கு மேல் கூடாது. பொதுமக்களை அழைத்துப் பணம் திரட்டக் கூடாது. தனிப்பட்ட முறையில், முழு விவர அறிக்கை கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். வடை பாயசத்தோடு மண்டபத்தில் கூட்டம் கூட்டுவது எந்த வகையில் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோடி என்ற வேலியை ஏன் போட்டார்கள்? அவ்வளவு போடுகிறவரால் பத்தாண்டு காத்திருக்கவும் நட்டத்தைத் தாங்கவும் முடியும் என்ற எண்ணம்தான். வேலியில் பத்து ஓட்டை போட்டுப் பத்துப் பேரை உள்ளே விடுவதற்குப் 'பொன்னான வாய்ப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிப் படித்தேன். ஒன்பது பேருக்கும் நிதியத்தோடு எந்த உறவும் இல்லை. பெயர் கொடுத்திருக்கும் அந்த ஒருவரோடு மட்டும்தான் உறவு. அவர் இறந்துபோனால்? அவர்மேல் வேறொருவர் வழக்குப் போட்டுச் சொத்தை முடக்கினால்? தாள் வாய் திறக்கவில்லை. சீட்டில் எனக்கு மீதிப் பதினொரு தவணை இருந்ததுபோல, இதிலும் பழைய முதலீட்டாளர் தருவதாக ஒப்புக்கொண்டு இன்னும் தராத தொகை வாங்குகிறவர் தலையில்தான் விழும். நிதியம் கேட்கும்போது கட்டாவிட்டால் போட்டதிலும் கை வைக்க ஒப்பந்தங்களில் இடமுண்டு. பத்து லட்சத்துக்கு மேல் கேட்டால் யார் கட்டுவது என்று ஒரு வரிகூட இல்லை. கூலிக் கணக்கும் இல்லை. அடியில் இருக்கும் நிதிய மேலாளருக்கு ஆண்டுக் கட்டணமும் லாபத்தில் பங்கும். அதற்கு மேல் செகண்டரி நிறுவனத்துக்கு இன்னொரு கட்டணமும் இன்னொரு பங்கும். அதற்கும் மேல் மண்டபத்துக்காரருக்கு. மூன்று மரக்கால் அளந்து போன பிறகு களத்தில் மிஞ்சுவதுதான் தலைமையாசிரியருடையது.

இந்த மாவட்டம் தேக்குமரத் திட்டமும் பார்த்தது, ஈமு கோழியும் பார்த்தது. எங்கள் சங்கத்தில் நகைக்கடன் வாங்கி ஈமுவில் போட்டவர்கள் பெயர்ப் பட்டியல் என்னிடம் இன்றும் இருக்கிறது. அதெல்லாம் கேட்டவுடனேயே கொஞ்சம் சிரிப்பு வருகிற சரக்கு. இது அப்படியில்லை. இதன் அடியில் இருக்கும் தொழில் உண்மையானது, பெரிய பல்கலைக்கழகங்களின் பெயர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அதனால்தான் படித்தவர்கள் மண்டபத்துக்குப் போகிறார்கள்.

தங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. கட்டுரைகள் போடுங்கள், எனக்கும் படிக்கப் பிடித்திருக்கிறது. 100, 80 என்று போடும்போது அந்த 100 யாருடைய மதிப்பு, எந்தத் தேதி மதிப்பு என்று அதே கட்டத்துக்குள் ஒரு வரி சேருங்கள். இந்தியாவில் யார் இதில் சேரலாம், எவ்வளவுக்குக் குறையக் கூடாது, ஒருவர் பெயரில் பலர் சேர முடியாது என்பதை அதே அளவு எழுத்தில், முடிந்தால் அதே மஞ்சளில் போடுங்கள். பதிவு பெற்ற நிதியங்களின் பட்டியல் செபியின் இணையதளத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துவிட்டால் நல்லது. மண்டபத்துத் தாளில் இருக்கும் பதிவு எண்ணை என் பேத்தி அதில் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. எண்ணில் ஓர் இலக்கம் அச்சுப்பிழையாக இருக்கலாம் என்கிறார் தலைமையாசிரியர்.

அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. வருகிற 20ஆம் தேதிக்குள் முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். என் பேச்சைவிடத் தங்கள் தாளில் வருவதைத்தான் அவர் நம்புவார். 19ஆம் தேதிக்குள் இதை வெளியிட முடியுமானால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.